இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

என் மனைவியின் தம்பி என்னோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தான். ஓட்டுநர் தேர்வில் அவனை மூன்று முறை ஃபெயிலாக்கியவன் நான். மூன்றாவது முறை காரிலிருந்து இறங்கி, "அத்தான், நீங்க நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அது வாழ்த்து இல்லை என்பது எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனுக்குக்கூடப் புரிந்தது.

இந்தக் கதையை நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் இன்னும் சீக்கிரமாகச் சொல்வேன். பத்தொன்பது வருடமாக லைசென்ஸ் ஆபீசில் தேர்வு அதிகாரி வேலை. டெஸ்டுக்கு வந்த ஒருவரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. உச்சி வெயிலில் யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டினால், இது லஞ்சத்தில் சேருமா என்று மனதுக்குள் ஒரு கமிட்டியைக் கூட்டி, விவாதித்து, தீர்மானம் போட்டு, தாகத்தோடு நிற்பேன். இப்படி ஓர் ஆளோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் ஆபீசில் வாங்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. ரெக்கார்டு ரூம் கிளார்க்குக்கு நாங்கள் வைத்த பெயர் 'கதவு'. எண்ணெய் போட்டால் சத்தமில்லாமல் திறப்பார். போடாவிட்டால் கிறீச் கிறீச்சென்று, "நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க" என்பார். சட்டைத் துணி, பழக்கூடை, ஒரு தடவை ஒரு சுவர்க்கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழங்காலில் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். 'ஆண்டவரே, அடியேனை அப்படி விட்டுவிடாமல் காத்தீரே' என்று நாகரிகமாகச் சுற்றி வளைத்து நன்றி சொல்வேன். சுற்றி வளைத்தால் ஆண்டவருக்குப் புரியாது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட நான்தான் எங்கள் பாஸ்டருக்கு லைசென்ஸ் கொடுத்தேன்.

சபைக்கு ஒரு புண்ணியவான் பதின்மூன்று பேர் உட்காரும் வேன் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். வேனோடு டிரைவரைக் கொடுக்கவில்லை. டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் சபை இல்லை. "அதனால என்ன, நானே ஓட்டுறேன்" என்று பாஸ்டர் கிளம்பிவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை. சைக்கிளையும் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போவார்.

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் அப்பா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தபோது நாற்பது நாளும் வந்தவர். வந்து ஜெபம் பண்ணிவிட்டு ஓடுகிறவர் இல்லை. அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, அவருக்கு நகம் வெட்டிவிடுவார். அப்பாவுக்கு என் கையைவிட அவர் கைதான் பிடித்திருந்தது.

டெஸ்ட் மைதானம் ஆபீசுக்குப் பின்னால். சிவப்பு வெள்ளை பெயின்ட் அடித்த ஆறு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அப்புறம் ஒரு சிமெண்ட் மேடு. பாதி வழியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். என் கையில் ஓர் அட்டை, அதில் இருபத்தைந்து கட்டங்கள். சரி என்றால் டிக், தப்பு என்றால் பெருக்கல் குறி. இருபது டிக் வந்தால் பாஸ். கம்பம் விழுந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில்.

பாஸ்டர் ரிவர்ஸ் எடுத்தார். நாலாவது கம்பம் விழுந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினார். கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார், மண்ணைத் தட்டினார். "மன்னிச்சுக்கப்பா" என்று கம்பத்திடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மேட்டில் நிறுத்தினார். மறுபடி கிளப்பும்போது வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருக்கிறார்.

"பாஸ்டர், கண்ணைத் திறங்க!"

"ஒரு சின்ன ஜெபம் தம்பி."

"பிரேக்கை மிதிச்சுட்டு ஜெபம் பண்ணுங்க!"

என் பக்கத்தில் இருந்த பிரேக்கை நான்தான் மிதித்தேன்.

இறங்கியபின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போயிடுச்சு இல்ல தம்பி? பரவாயில்ல. உங்களுக்கு எது நியாயம்னு படுதோ அதைப் போடுங்க. உங்களை மாதிரி ஆளுங்க உள்ள இருக்கறதாலதான் எங்களை மாதிரி ஆளுங்க தைரியமா ரோட்டைக் கடக்கறோம்."

அதோடு அவர் நகர்ந்திருந்தால் நான் பெருக்கல் குறி போட்டிருப்பேன். "அடுத்த மாசம் சபைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கறோமே, நான் உங்க பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்" என்றும் சேர்த்துச் சொன்னார். சூதுவாது இல்லாமல்தான் சொன்னார். சூதும் வாதும் கேட்டுக்கொண்டிருந்த காதில் இருந்தன.

என் பேனா டிக் போட்டது. பேனாதான் போட்டது என்று எழுத ஆசை. நான்தான் போட்டேன். முதல் ஐந்து டிக்கில் கை கூசியது. பத்தில் பழகியது. பதினைந்தைத் தாண்டியபோது ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. என்னுடையது அல்லாத ஒன்றை வாரி வழங்கும்போது வருகிற சந்தோஷம். பொய் சொல்லிப் பழகாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கதவாக இருந்தால் இருபத்தொன்றில் நிறுத்தியிருப்பார். நான் கடைசிக் கட்டம் வரை போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்க மேடையில் ஏறி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மார்க் பேப்பரின் நகலை எடுத்தார். என் கையெழுத்துள்ள பேப்பர்.

"அன்பானவங்களே, இன்னைக்கு உங்களுக்கு ஒரு சாட்சி சொல்லணும். டெஸ்ட்ல நான் ஒரு கம்பத்தைத் தள்ளிட்டேன்னுதான் நினைச்சேன். தள்ளினதை என் கண்ணால பார்த்த மாதிரியே இருந்துச்சு. ஆனா இந்தப் பேப்பரைப் பாருங்க. கம்பம் தொடாமல் ரிவர்ஸ், டிக்! இதை எழுதினது யாரு? சொந்த மச்சானையே மூணு தடவை ஃபெயிலாக்கினவர். அவர் பொய் எழுதுவாரா?"

"மாட்டாரு!" என்றது சபை.

"அப்ப கம்பம் விழுந்துச்சா?"

"இல்லை!"

"அல்லேலூயா!"

பத்தொன்பது வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த என் நேர்மை, நடக்காத ஓர் அற்புதத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் பல் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பீர்கள்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது மைத்துனன் பக்கத்தில் வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வாக்கியம் பேசினான்: "அத்தான், எனக்கும் ஒரு அற்புதம் நடந்திருக்கலாம்."

வந்த வேகத்தில் போய்விட்டான். அதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வரும் சனிக்கிழமை பாடகர் குழு மலைமேல் இருக்கும் சபைக்குப் பாடப் போகிறது. பதினொரு பேர். பாஸ்டரே வேனை ஓட்டுகிறார். மலைப்பாதையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். பதினொரு பெயரில் மூன்றாவது பெயர் என் மனைவியுடையது.

அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன்.

மறுநாள் காலையிலேயே போய், "பாஸ்டர், சனிக்கிழமை நான் ஓட்டுறேன், நீங்க ஓய்வா வாங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு வாங்கினவன் பின்னாடி உட்கார்ந்து வந்தா அது அவிசுவாசம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சபை வளாகத்துக்குள் நுழைந்து வேனின் டயர் பக்கத்தில் குனிந்தேன். ஒரு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டால் பயணம் தள்ளிப்போகும் என்பது திட்டம். தள்ளிப்போனால் அடுத்த வாரம் இன்னொரு டயர். மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது. சபைக் காவலாளி.

"சார், காத்து செக் பண்றீங்களா?"

"ஆமா... சும்மா..."

"பாருங்களேன்! யாரும் சொல்லாமயே வந்து பார்க்கறீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?" என்று சொல்லி, பம்பை எடுத்துவந்து நாலு டயருக்கும் காற்று அடித்துவிட்டார். வேன் முன்பைவிட நல்ல நிலைக்கு வந்தது.

புதன்கிழமை கதவு என்னைக் கூப்பிட்டார். ரெக்கார்டு ரூமில் அவர் மேஜைக்கு முன்னால் பொதுமக்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் கட்டை. வருகிறவர்கள் நிம்மதியாக உட்காரக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"சார், பத்தொன்பது வருஷமா உங்க பேப்பரை நான்தான் அடுக்கறேன். இருபத்திமூணுக்கு மேல பார்த்ததே இல்ல. இவரு யாரு, சொந்தக்காரரா?"

"எங்க பாஸ்டர்."

"ஓ, மேலிடத்து சிபாரிசு!"

"நான் ஒண்ணும் வாங்கல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கோவப்படாதீங்க சார். இந்த லைன்ல எனக்கு அனுபவம் இருக்கு, அதனால சொல்றேன். ஒண்ணும் வாங்காம யாரும் ஒண்ணும் தர்றதில்ல. நான் பழக்கூடை வாங்குவேன், ரெண்டு நாள்ல அழுகிடும். நீங்க என்ன வாங்கினீங்கன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. முன்வரிசை நாற்காலி, செயலாளர் என்ற அச்சடித்த பெயர், 'உங்களை மாதிரி ஆளுங்க' என்கிற அந்த வார்த்தை. அதற்குத்தான் டிக் போட்டிருந்தேன்.

கதவு குரலைத் தாழ்த்தினார். "கஷ்டமா இருந்தா சொல்லுங்க, பேப்பரைத் தொலைச்சுடறேன். லைசென்ஸ் தானா நின்னுடும், அவரு மறுபடி டெஸ்டுக்கு வரணும். நீங்க தப்பிச்சீங்க, அவரும் தப்பிச்சாரு. உங்களுக்கு ஃப்ரீ."

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அதே கட்டைக்கால் ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்! படி இறங்கும்போதுதான் உறைத்தது: அவரை நினைத்து நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் இனிமேல் செல்லாது.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி சமையலறையில் சனிக்கிழமைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நீ போக வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"உனக்கு இருமல்."

"எனக்கா? எனக்கு ஏது இருமல்?"

"வரலாம்."

கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, இருபத்திரண்டு வருஷமா பார்க்கறேன். பொய் சொன்னா உங்க மூக்கு நுனி வேர்க்குது. இப்ப குளிச்ச மாதிரி இருக்கு. கம்பம் விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். மேட்டுல வேற..."

"மேட்டுல என்ன?"

"கண்ணை மூடிட்டார்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். சிரிக்கிறாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பிறகு சட்டென்று நின்றது.

"அப்ப, இது தெரிஞ்சும் என்னை மட்டும் இறக்கிவிடப் பார்த்தீங்க. மீதி பத்துப் பேரு?"

நறுக்கி வைத்திருந்த காய்களை நான் எண்ணத் தொடங்கினேன்.

"ஆல்ட்டோ குரல்ல பாடுற அக்காவுக்குப் போன மாசம்தான் பேத்தி பொறந்திருக்கு. வயலின் வாசிக்கறவருக்கு ஒரே பொண்ணு. அவங்களுக்கெல்லாம் இருமல் வராதா?"

"பாஸ்டர்கிட்ட சொன்னா அவர் மனசு உடைஞ்சிடும்."

"சொல்லலைன்னா வேன் உடையும்."

"என் பேரு என்ன ஆகும்?"

"எந்தப் பேரு? போன ஞாயித்துக்கிழமை மைக் போட்டு ஒரு பொய்க்குச் சாட்சியாக்கினாங்களே, அந்தப் பேரா? அதை இனிமே வச்சுக்கிட்டு என்ன பண்றதா உத்தேசம்? கண்ணாடி போட்டு மாட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காயை நறுக்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, "நாளைக்கு அரை நாள் லீவு போடுங்க. அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கறேன்" என்றாள். அவள் கோபமும் பாசமும் ஒரே அடுப்பில் வேகும்.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் நாற்காலிகள் வேன் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று வரிசை. முன் நாற்காலியில் பாஸ்டர் சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் அவர் மனைவி, நாங்கள் எல்லோரும் 'பாஸ்டர் அம்மா' என்று கூப்பிடுபவர்.

"எதிர்ல லாரி வருது! ஒதுங்குங்க!" என்றார் அம்மா.

"எந்தப் பக்கம் ஒதுங்கறது?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்றவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி, நீங்களே சொல்லிக் கொடுங்க. நான் டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

பாஸ்டர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்த முன்னுரை மறந்துபோனது.

"பாஸ்டர், கம்பம் விழுந்துச்சு."

தட்டு நின்றது. "எது?"

"நாலாவது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் டிக் போட்டேன்."

"அப்ப... நான் மேடையில நின்னு சொன்னது?"

"என் பொய்யை நீங்க வாசிச்சீங்க பாஸ்டர்."

அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் அப்பாவின் கடைசி நாளன்றுதான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, எனக்குக் கோவம் வருது."

"வரட்டும் பாஸ்டர்."

"பழக்கமில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"நான் வந்து ஆரம்பிக்கட்டுமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பாஸ்டர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்தபின் கோபத்தை மறுபடி பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "உங்களை மட்டும் சொல்லி என்ன? கம்பத்தைத் தூக்கி நிறுத்தினது நான். இந்தக் கையிலதான் மண்ணு ஒட்டுச்சு. என் கையை நம்பாம பேப்பரை நம்பினேன். ஆசைப்பட்டது கிடைச்சதும், அதுக்கு விசுவாசம்னு பேரு வச்சுட்டேன். அம்பத்தெட்டு வயசுல எனக்கு இது தேவைதான்."

"என்னை மன்னிச்சுடுங்க."

"மன்னிச்சாச்சு. அது நான் சம்பாதிச்சது இல்ல தம்பி, சிலுவையில அவர் கொடுத்தது. எனக்கு வந்ததை உங்களுக்கு நீட்டறேன், அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா மன்னிப்பு கிருபையால கிடைக்கும். லைசென்ஸ் கிருபையால கிடைக்கக் கூடாது. ரோட்டுல போறவங்க எல்லாரும் சேர்ந்து உங்ககிட்ட நம்பிக் கொடுத்த பொறுப்பு அது. அதை எடுத்துத் தர்றதுக்கு உங்களுக்கு உரிமை இல்ல. வாங்கிக்கறதுக்கு எனக்கும் இல்ல."

நான் மெதுவாக ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன். "அப்ப ஆபீஸ்லயும் சொல்லணுமா பாஸ்டர்? இங்க சொன்னதே..."

"உங்களுக்குச் சம்பளம் நானா தர்றேன்?"

"இல்ல."

"ஆண்டவர்கிட்டயும் என்கிட்டயும் மட்டும் சொல்லிட்டுப் போறது சுலபம். நாங்க ரெண்டு பேரும் உங்களை சஸ்பெண்ட் பண்ண மாட்டோம்." எழுந்து செருப்பைத் தேடினார். "வாங்க, நானும் வர்றேன். தனியா போனா நடுவழியில திரும்பிடுவீங்க. நானா இருந்தா திரும்பிடுவேன்."

அம்மா டீயைக் கொண்டுவந்தார். குடித்துவிட்டுத்தான் போகச் சொன்னார். சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாரா, தண்டனையா என்று கேட்கத் துணியவில்லை.

எங்கள் ஆபீஸ் தலைமை அதிகாரி மேடம் அதிகம் பேச மாட்டார். ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து நான் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் இப்ப சொல்றீங்க? யாரும் கண்டுபிடிக்கலையே."

"நாளைக்கு அந்த வேன்ல பதினோரு பேர் மலை ஏறுறாங்க மேடம்."

"நாளைக்கு ஏறலைன்னா?"

இந்தக் கேள்வியை மனைவி கேட்கவில்லை, பாஸ்டர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டிருக்கவில்லை. "தெரியல மேடம். சொல்லியிருக்க மாட்டேன்னு நினைக்கறேன்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதையும் கடைசியில எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். லைசென்ஸ் ரத்து. எனக்கு விசாரணை, முடியும்வரை மைதானத்துப் பக்கம் போகக் கூடாது, ரெக்கார்டு ரூமில் கிளார்க்குக்கு உதவியாக இருக்க வேண்டும். போன ஒரு வருடத்தில் நான் பாஸ் போட்ட எல்லாப் பேப்பரையும் இன்னொருவர் சரிபார்ப்பார். கடைசியாகச் சொன்னதுதான் வலித்தது. அந்தப் பேப்பர்களெல்லாம் சுத்தம். இனி அதை என் வாயால் சொல்லி யாரும் நம்பத் தேவையில்லை.

பாஸ்டர் லைசென்ஸ் அட்டையை மேஜையில் வைத்தார். "மேடம், என் போட்டோ எதிலயும் இவ்வளவு நல்லா வந்ததில்ல. போட்டோவை மட்டும்..."

"கூடாது."

வெளியே வந்ததும் பாஸ்டர் மரநிழலில் நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டார். "தம்பி, உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஒன்பது வளைவை நினைச்சு ஒரு வாரமா எனக்குச் சாப்பாடே இறங்கல. ஏதாவது இடத்துல நல்ல சாப்பாடு கிடைக்குமா?"

சனிக்கிழமை வேனை நான் ஓட்டினேன். ஏறும்போதே எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பாஸ்டர் அம்மாவுக்குத் தெரிந்தால் போதும், அறிவிப்புப் பலகை தேவையில்லை. முதல் வளைவு வரை எல்லோரும் என் கையையும் காலையும்தான் கவனித்தார்கள். இரண்டாவது வளைவில் பேஸ் குரல் பாடகர், "இண்டிகேட்டர் போடல, ஒரு பெருக்கல் குறி" என்றார். அவ்வளவுதான், பின்னால் இருந்த பதினொரு பேரும் தேர்வு அதிகாரிகளாகிவிட்டார்கள். என் மனைவிதான் எல்லோரையும்விடக் கறார். மலை உச்சியில் கூட்டிப் பார்த்து நான் ஃபெயில் என்று ஏகமனதாக முடிவு பண்ணினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு சிரிப்பாக இல்லை. பாஸ்டர் மேடையில் நின்று தன் சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் எழுந்து நின்று என் பங்கைச் சொன்னேன். செயலாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஆராதனை முடிந்தபின் ஆல்ட்டோ அக்கா என் பக்கத்தில் வந்தார். அவர் தம்பி பல வருடத்துக்கு முன் ரோட்டில் ஒரு லாரி மோதி இறந்தவர். முந்தின நாள் வேனில் அவரும் சிரித்தவர்தான்.

"அந்த லாரிக்காரனுக்கும் யாரோ டிக் போட்டிருப்பாங்க இல்ல?" என்றார்.

"இருக்கலாம் அக்கா."

"அந்த ஆளு யாருகிட்டயாவது சொல்லியிருப்பாரா?"

அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொள்ளப் போனார். அன்று முழங்காலில் நின்றபோது யாரையும் ஒப்பிட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜெபம் ரொம்பச் சின்னதாக முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். கதவு எழுந்து நின்று வரவேற்றார். தனக்குக் கீழே ஓர் ஆள் வருவது அவருடைய சர்வீசில் இதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு மேஜை துடைத்து வைத்திருந்தார். பத்தரை மணிக்கு ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். கதவு பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்த ஆள் ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் மாதிரி முழித்துக்கொண்டே போனார். "சார், நீங்க இங்க உட்கார்ந்திருக்கறது தொழிலுக்கு ஆகாது" என்று கதவு என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

மத்தியானம் வரை ஃபைலைப் புரட்டுகிற சத்தம்தான். பிறகு கதவு தொண்டையைச் செருமினார்.

"மேடத்துக்கு ஒரு லெட்டர் கொடுத்தீங்களே, அதை எப்படி ஆரம்பிச்சீங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"எனக்கில்ல. ஒரு ஃப்ரெண்டுக்கு."

"உங்க ஃப்ரெண்டு என்ன பண்ணினார்?"

"அது பெரிய லிஸ்ட் சார். ஆரம்பம் மட்டும் சொல்லுங்க, மீதியை அவரு பார்த்துப்பாரு."

"நான் மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்" என்றேன். "முதல்ல 'சூழ்நிலை காரணமாக'ன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் 'எதிர்பாராத விதமாக'. ரெண்டும் அடுத்த வரிக்குப் போகவே இல்ல. கடைசியில 'நான்'னு ஆரம்பிச்சேன். அது கடகடன்னு போச்சு."

கதவு ஒரு தாளை எடுத்து நேராக வைத்தார். 'நான்' என்று எழுதினார். பேனாவை மூடினார், திறந்தார், ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த வரிசையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். நான் என் ஃபைலில் தலையைப் புதைத்துக்கொண்டேன். வெகுநேரம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"சார்" என்றார் தலையை நிமிர்த்தாமல். "இன்னொரு பேப்பர் இருக்கா? இது பத்தாது போலிருக்கு."